கறுப்பு ஒரு கோடு கூடுதல்

எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைப் பற்றி உருகி எழுதும் இடங்கள் வரும், அப்போது யாரும் என்னைத் தவறாக எடைபோட்டுவிடக் கூடாது. இருபத்தாறு வருஷமாக ஒரே பெயின்ட் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறோம். அதில் பேசிக்கொள்ளாத நாட்களை மட்டும் கூட்டினால் இரண்டு வருஷம் தேறும்.

கடை எங்கள் அப்பா வைத்தது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் எடுத்து நடத்தினான். கலர் கலக்கும் மெஷின் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்குப் பச்சை என்றால் எல்லாம் பச்சைதான். அண்ணி கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், ஒரு வாடிக்கையாளர் நான் கலந்துகொடுத்த டின்னை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மஞ்சள் ரெண்டு கோடு குறையுது" என்றார். இரண்டு கோடு போட்டதும் கலர் அப்படியே வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு மூக்கு உடைந்தவள்தான் நான். மெஷின் அவருக்கு, கவுன்டர் எனக்கு என்று ஆயிற்று.

அந்த மெஷின் ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் பன்னிரண்டு டப்பாக்கள் சுற்றி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் மை. டப்பாவின் தலையில் இருக்கும், அளவுக் கோடு போட்ட கம்பியை மேலே இழுத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனை கோடு வேண்டுமோ அத்தனை இழுத்து, நெம்புகோலை அழுத்தினால், கீழே இருக்கும் வெள்ளை டின்னில் மை விழும். பிறகு டின்னை மூடி, பின்னறையில் இருக்கும் குலுக்கும் மெஷினில் பூட்டி ஆட்டி எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எந்தக் கலருக்கு எத்தனை கோடு என்பது புத்தகத்தில் பாதிதான் இருக்கும். மீதி அண்ணியின் தலையில் இருந்தது.

அண்ணி யாருக்கும் முதலில் கலர் அட்டையைக் காட்ட மாட்டார். "ஜன்னல் எந்தப் பக்கம்? தரை என்ன நிறம்? அந்த ரூம்ல யாரு தூங்குவாங்க?" என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். பிறகுதான் கலர். அதற்கும் அவரே பெயர் வைத்திருப்பார். ஒரு சிவப்புக்கு 'சம்பந்தி கோபம்'. ஒரு மங்கலான பழுப்புக்கு 'நாத்தனார்'. அது எனக்காக வைத்த பெயர் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். ஊரெல்லாம் அவரைக் கலரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கண் போனது அப்படி ஒன்றும் திடீரென்று இல்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையை முதலில் தின்றிருக்கிறது. அண்ணி கதவு நிலையில் இடித்துக்கொள்வார், டின்னைத் தட்டிவிடுவார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. நேராகப் பார்ப்பது தெளிவாக இருந்ததால் அவரும் கவலைப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஒன்றரை வருஷத்தில் மிச்சமும் போயிற்று. அப்போது அண்ணிக்கு ஐம்பத்தொரு வயது. நான் கேட்ட அந்தக் கேள்வி இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

நாலு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பில் வேறு நோய் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தலை வார மாட்டார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்து பத்து நாள் இருந்து, அழுதுவிட்டுப் போனாள். அண்ணன் விளக்கைப் போட்டால், "யாருக்கு லைட்டு?" என்று கேட்பார். கோபமாக இல்லை, சாதாரணமாகக் கேட்பார். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் இருட்டில் உட்கார்ந்திருப்பான். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு தடவை ஒரு பயிற்சியாளர் வந்தார். அண்ணியை விடப் பத்து வயது சின்னவர், நல்ல குண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே படி ஏறுவார். முதல் மூன்று வாரம் அண்ணி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சளைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். நாலாவது வாரம் அண்ணி, "உங்க மாமியார் சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டார். அங்கிருந்துதான் தொடங்கியது. மனசுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு டாக்டர் பார்த்தார், மாத்திரையும் கொடுத்தார். கைக்கோல் பழக்கினார்கள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம், இரண்டு திருப்பம். அதை நாற்பது தடவை நடந்து பழகினார். மெஷின் டப்பாக்கள் மேல் பசையால் புள்ளி வைத்தோம். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, கறுப்புக்குப் புள்ளியே இல்லை. கோடுகளுக்குத்தான் 'டிக்' சத்தம் இருக்கிறதே.

கடைக்குத் திரும்பி வந்த அன்று, அண்ணி மெஷின் முன்னால் உட்கார்ந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். கலர் வந்துச்சா இல்லையான்னு இனி உங்க கண்ணுதான் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. அது இல்லாம நான் இங்க உக்காந்தா அது வேலை இல்ல, பொழுதுபோக்கு."

"அதுக்கென்ன, சொல்றோம்" என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்று உறைத்து, "சரி அண்ணி" என்றேன்.

முதல் நாள் ஒரு சந்தன நிறம் கேட்டார்கள். அச்சாக வந்தது. மறுநாள் ஒரு சாம்பல். பின்னறையில் குலுக்கி, ஒரு அட்டையில் தொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்தோம். கொஞ்சம் இருண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். முன்னறையில் அண்ணி ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். கண் போனதிலிருந்து அன்றைக்குத்தான் பாடுகிறார். அண்ணன் டின்னில் ஒரு பங்கை எடுத்துப் பழைய டிரம்மில் கொட்டினான், அந்த அளவுக்கு வெள்ளையை ஊற்றினான், மறுபடி குலுக்கினான். நான் டின்னை எடுத்துக்கொண்டுபோய், "அப்படியே அச்சு, அண்ணி" என்றேன்.

"ஏன் ரெண்டு தடவ ஆட்டினீங்க?"

"மூடி சரியா மாட்டல."

இப்படித்தான் தொடங்கியது. பாவம், கோடு எண்ணுவதில் தடுமாறுகிறார், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தோம். சரியாகவில்லை. அவ்வப்போது ஒரு டின் இருண்டு வரும். அண்ணன் கொட்டுவான், ஊற்றுவான், ஆட்டுவான். நான் பூசி மெழுகுவேன். மூன்று மாதம் ஓடியது. கடையில் எத்தனையோ தடவை அண்ணியை வார்த்தையால் கடித்துக் குதறியவள் நான், அந்த மூன்று மாதமும் பாகாய் உருகினேன். "அருமை அண்ணி, பிரமாதம் அண்ணி." அவர் ஒரு நாள், "வாயாடி, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டது பல் டாக்டரம்மாவால். அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருப்பவர். நாற்காலிக்கு எதிரே இருக்கும் சுவருக்கு ஒரு சாம்பல் நீலம் கேட்டார். அண்ணி கலந்தார், இரண்டு டின். இரண்டையும் வழக்கம்போல் அண்ணன் திருத்தினான். சுவர் முடிய ஒரு கை அகலம் குறைந்துபோயிற்று. இரண்டு வாரம் கழித்து இன்னொரு டின் கேட்டு ஆள் அனுப்பினார். அன்றைக்கு அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தான், நான் கவுன்டரில் நாலு பேரிடம் மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி தானே கலந்து, தானே பின்னறைக்கு எடுத்துப்போய் ஆட்டி, வந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது ஆள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா செல்போனில் படத்தோடும், சுவரில் முதலில் அடித்த பாகத்திலிருந்து சுரண்டிய ஒரு சில்லோடும் வந்து நின்றார். "சுவத்துல பட்டை அடிச்ச மாதிரி இருக்கும்மா. என் பேஷன்ட்டுங்க வாயைத் திறந்துக்கிட்டு அரை மணி நேரம் அந்தச் சுவரைத்தான் பாக்குறாங்க. வாயில ஊசி இருக்கும்போதும் அதைக் காட்டிக் கேக்குறாங்க."

"நான் அதே கணக்குதானே போட்டேன்" என்றார் அண்ணி. "கறுப்பு அஞ்சு, நீலம் ஒம்பது, பச்சை ஒண்ணு. மாத்தவே இல்ல."

அண்ணன் முந்திக்கொண்டான். "வெள்ளை டின்னு வேற லோடு. கம்பெனியில ஏதோ மாத்தியிருப்பான். நான் பாத்துக்கிறேன்."

அண்ணி அவன் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "வாயாடி, நீ சொல்லு."

அண்ணன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். சத்தம் இல்லாமல், இரண்டு கையையும் சேர்த்து. டாக்டரம்மாவும் அதைப் பார்த்தார். ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவள் முன்னாலேயே இன்னொரு பேச்சு நடப்பதைப் போல அசிங்கம் வேறில்லை. எனக்கு அந்த நிமிஷம் எங்கள் மூன்று பேர் மேலும் ஆத்திரம் வந்தது.

"அண்ணி, முதல் ரெண்டு டின்னு நீங்க போட்டபடி போகல. அண்ணன் வெள்ளை ஊத்தி வெளுக்க வச்சான். மூணாவது டின்னுதான் உங்க கலர்" என்றேன்.

"இது மட்டுமா?"

"இல்ல. ஒரு பதினஞ்சு பதினாறு டின்னு இருக்கும்."

அண்ணி டப்பாக்கள் மேல் ஒரு தடவை கையை ஓட்டிப் பார்த்தார். பிறகு கோலை எடுத்தார். "யாரும் கூட வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் திரும்பவும் படுத்துவிட்டார். அதே கட்டில், அதே சுவர். அண்ணன் என்னை வெளுத்து வாங்கினான். "நாலு மாசம் அவளை அந்தக் கட்டிலிலிருந்து இழுத்து வெளியே கொண்டாந்தேன். ஒரே வார்த்தையில திருப்பிப் படுக்க வச்சிட்டே. இனி அவ எந்திரிக்கலைன்னா நீ பாத்துக்குவியா?" அவன் கத்தினான் என்றாலும் கண்ணில் இருந்தது பயம். ஒரு தப்பு டின் போதும், அவள் மறுபடி விழுந்துவிடுவாள் என்று மூன்று மாதமாக அந்தப் பயத்தோடுதான் வெள்ளை ஊற்றியிருக்கிறான். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, "கும்பிட்டியே, அது அவங்களுக்குத் தெரியாதுன்னுதானே கும்பிட்டே" என்று கேட்டேன்.

மூன்று நாள் அண்ணி யாரிடமும் பேசவில்லை. பயிற்சியாளர் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. நானே நாளைக்கு வந்து பார்க்கிறேன், அவர் அறைக் கதவைப் பூட்டாமல் வையுங்கள், நேரத்துக்கு மாத்திரை போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். வந்து ஒரு மணி நேரம் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணி.

"வாயாடி, நீங்க திருத்தின டின்னு எல்லாம் என்னென்ன கலரு? ஞாபகம் இருக்கா?"

வாயில் நுரையோடு யோசித்தேன். "சாம்பல் ஒரு அஞ்சாறு. அந்த நீலம். ஆலிவ் பச்சை ரெண்டு. அப்புறம்..." சொல்லத் தயங்கினேன். "நாத்தனார் மூணு."

"சந்தனம்?"

"இல்ல."

"மஞ்சள், ரோஸ், சம்பந்தி கோபம்?"

"ஒண்ணுகூட இல்ல. அதெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு."

"எல்லாமே இருட்டாத்தானே வந்துச்சு? வெளுப்பா ஒண்ணாவது?"

"வெளுப்பா எதுவும் வரல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எண்ணத் தெரியாதவ ஒரு தடவ கூட்டிப் போடுவா, ஒரு தடவ குறைச்சுப் போடுவா. எல்லாமே ஒரே பக்கமாவா தப்பும்? அதுவும் கறுப்பு போடுற கலர்ல மட்டும்? போய்க் கடையைத் திற."

நான் வாய் கொப்பளித்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

கடையில் அண்ணி எனக்கு முன்னால் வந்து ஷட்டர் ஓரம் நின்றிருந்தார். தலை வாரியிருந்தார். உள்ளே போனதும், இருமல் மருந்து ஊற்றும் அளவு மூடிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். பன்னிரண்டு டப்பாவிலும் பத்துப் பத்துக் கோடு இழுத்து ஒவ்வொன்றையும் ஒரு மூடியில் விட்டார். நான் குனிந்து அளவைப் படித்தேன். மஞ்சள் சரி. சிவப்பு சரி. நீலம் சரி. எல்லாம் ஒரே அளவில் நின்றன. கறுப்பு மட்டும் ஏறி நின்றது. மறுபடி இழுத்துப் பார்த்ததில், எட்டுக் கோட்டிலேயே மற்றதெல்லாம் பத்தில் வந்த அளவு வந்துவிட்டது.

"நான் படுத்திருந்தப்ப இந்த மெஷினை யாராவது கழட்டினாங்களா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கழற்றினார்கள். கறுப்பு டப்பா ஒழுகுகிறது என்று ஆள் வந்து உள்ளே மை தள்ளும் தண்டை மாற்றிவிட்டுப் போனார். அந்த நாலு மாதமும் மெஷினில் உட்கார்ந்தது அண்ணன். கண் பார்த்துக் கலப்பவன், கறுப்பைத் தன்னையறியாமல் கொஞ்சம் குறைத்தே போட்டுப் பழகிவிட்டான். அண்ணி கணக்குப்படி சரியாக எண்ணிப் போட்டார். கோளாறு டப்பாவில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், கண் தெரியாதவரின் கைதான் தவறியிருக்கும் என்று முடிவு கட்டியிருந்தோம். முதல் சாம்பல் டின் வந்த அன்றே "இருட்டா இருக்கு அண்ணி" என்று சொல்லியிருந்தால், அண்ணி இதைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்திருப்பார்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அவரிடம் இருபத்தாறு வருஷத்தில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், சொல்லும்போது அழுகையும் வந்தது.

"கண்ணு போனப்பகூட எனக்கு இப்படி இல்ல" என்றார் அண்ணி. "கட்டில்ல படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். நான் நல்லா செஞ்சேன்னு நீங்க சொன்ன எதையும் நம்ப முடியல. சந்தனம் நல்லா வந்துச்சே, அதையும் நம்ப முடியல. மூணு மாசம் நான் உண்மையில என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியல."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். வீட்டில் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான், சட்டைப் பொத்தான்கூடப் போடவில்லை. வாசலில் நின்று மூடிகளைப் பார்த்தான், கறுப்பைப் பார்த்தான், அவனுக்கே புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரம்மா சுவத்துலேருந்து சுரண்டின சில்லு இருக்கா?" என்று கேட்டார் அண்ணி. இருந்தது. "ஒரு டின்னு வெள்ளை எடுங்க." கறுப்பு நாலு, நீலம் ஒன்பது, பச்சை ஒன்று. டிக், டிக் என்று எண்ணி விட்டார். பின்னறைக்கு அவரே எடுத்துப்போய் ஆட்டினார். விரலால் அட்டையில் தொட்டு, காய வைத்து, அட்டையை நீட்டினார். நான் கை நீட்டினேன்.

"உனக்கில்ல. உங்க அண்ணனுக்கு."

அண்ணன் அட்டையையும் சில்லையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். நானும் எட்டிப் பார்த்தேன். மிகவும் நெருங்கி வந்திருந்தது. ஆனாலும் ஒரு நூல் இருட்டு, அண்ணன் அன்றைக்குக் கண் அளவில் வெள்ளையைச் சற்றுக் கூடவே ஊற்றியிருக்கிறான். சுவரில் வைத்தால் டாக்டரம்மா கண்டுபிடிக்க மாட்டார், அவர் பேஷன்ட்டுகள் கண்டுபிடிப்பார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பி டின்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"எப்படிங்க இருக்கு?"

சில்லை இந்தப் பக்கம் வைத்தான், அந்தப் பக்கம் வைத்தான். அண்ணி காத்திருந்தார். இரண்டு கையும் மடியில் இறுக்கமாகக் கோத்திருந்தன.

"தப்பு" என்றான் அண்ணன். சில்லை அட்டை மேல் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "தப்பும்மா. இன்னும் கொஞ்சம் இருட்டா இருக்கு."

சொல்லிவிட்டு, ஐம்பத்தைந்து வயது மனிதன், வாசலில் நின்றபடியே அழுதான். அண்ணியின் கைகள் பிரிந்தன. முகம் தளர்ந்தது. எழுந்து, சத்தம் வந்த பக்கமாக நாலு எட்டு நடந்து, அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு இருட்டு? அரைக் கோடா, முக்காக் கோடா?"

"அரை இருக்கும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "அரைதான்."

"சரி" என்றார் அண்ணி.

"உனக்குக் கோபம் இல்லையா?"

"நிறைய இருக்கு. கலர் வரட்டும், அப்புறம் படுறேன். இன்னொரு வெள்ளை டின்னு எடுத்துட்டு வாங்க."

அண்ணன் பின்னறைக்குப் போய் டின் எடுத்து வந்து, அதன் மூடியை நெம்பித் திறக்க உட்கார்ந்தான்.